அணு உலைக்குக் காவல் வந்த கதை

1983 ஜூலை 2. கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலையில் தொடர்வினை பற்றிக்கொண்டது. 1984 ஜனவரி 27 அன்று அந்த உலை வணிக முறையில் மின்சாரம் தரத் தொடங்கியது. இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே, 1983 நவம்பர் 15 அன்று, குடியரசுத் தலைவரின் பெயரால் ஓர் ஆணை வந்தது. அதில் பிறந்ததுதான் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். இந்த நாட்டில் அணு உலை, கதிரியக்கப் பொருள், எக்ஸ்ரே கருவி என்று எதை யார் இயக்கினாலும், ஆபத்து இல்லாமல் இயக்குகிறார்களா என்று பார்க்க வேண்டிய அமைப்பு அது.

உலை மூட்டிய பிறகு காவலுக்கு ஆள் வந்திருக்கிறார். அதுவும் முதல் உலைக்கு அல்ல. ட்ராம்பேயில் அப்சரா ஆய்வு உலை 1956-லேயே இயங்கத் தொடங்கிவிட்டது. தாராப்பூர் 1969 முதல் மின்சாரம் தந்துகொண்டிருந்தது. ராஜஸ்தானில் இரண்டு உலைகள் ஓடிக்கொண்டிருந்தன. முதல் அணு உலைக்கும் முதல் ஒழுங்குமுறை வாரியத்துக்கும் நடுவே இந்தியாவில் 27 ஆண்டுகள் கடந்திருந்தன.

அந்த 27 ஆண்டுகள் யாருமே பாதுகாப்பைக் கவனிக்கவில்லை என்று சொல்வது நியாயம் ஆகாது. 1962-ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டத்தில் கதிரியக்கப் பாதுகாப்புக்குப் பிரிவுகள் இருந்தன. அணுசக்தித் துறைக்குள் பாதுகாப்பு மறுஆய்வுக் குழு ஒன்றும் 1970-களில் செயல்பட்டது. திறமையான விஞ்ஞானிகள் அதில் இருந்தார்கள். ஆனால் உலையைத் திட்டமிட்டவர், கட்டியவர், ஓட்டியவர், சோதித்தவர் எல்லாரும் ஒரே துறையின் ஆட்கள். ஒருவர் தவறு கண்டுபிடித்தால், தன் மேலதிகாரியிடமோ, நாளை மேலதிகாரியாகப் போகிறவரிடமோ போய்த்தான் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவிலும் தொடக்கத்தில் இப்படித்தான் இருந்தது. அணுசக்தியை வளர்ப்பதும் அதற்குக் கடிவாளம் போடுவதும் ஒரே ஆணையத்தின் வேலை. இது ஒத்துவராது என்று அங்கே அதை உடைத்து, 1975-இல் ஒழுங்குமுறைக்கென்று தனி ஆணையம் வைத்தார்கள். அப்படியும் 1979 மார்ச் 28 அன்று பென்சில்வேனியாவின் மூன்று மைல் தீவு நிலையத்தில் உலையின் மையம் பாதி உருகியது. அந்த விபத்தை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அணு உலைப் பாதுகாப்பில் மனிதனும் நிறுவனமும் எங்கே வருகிறார்கள் என்ற கேள்வி உலகுக்கு உறைத்ததே அதற்குப் பிறகுதான்.

அழுத்தம் கூடினால் திறந்து, குறைந்தால் மூட வேண்டிய வால்வு ஒன்று மூடாமல் நின்றுவிட்டது. குளிர்விக்கும் நீர் அதன் வழியே வெளியேறிக்கொண்டே இருந்தது. கட்டுப்பாட்டு அறையில் அந்த வால்வுக்கு ஒரு விளக்கு உண்டு. விளக்கு அணைந்திருந்தது, வால்வு மூடிவிட்டது என்று இயக்குநர்கள் எடுத்துக்கொண்டார்கள். 'மூடு' என்ற கட்டளை போய்விட்டதைத்தான் அந்த விளக்கு காட்டும். வால்வு உண்மையில் மூடியதா என்று காட்டாது. நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒரே நேரத்தில் அலறிக்கொண்டிருந்த அறையில், நீர் அதிகமாக இருக்கிறது என்று நம்பி, அவசர நீர்வரத்தை அவர்களே குறைத்தார்கள்.

இயக்குநர்கள் தவறு செய்தார்கள் என்று எழுதி அன்றே கோப்பை மூடியிருக்கலாம். விசாரித்த கெமனி ஆணையம் அப்படிச் செய்யவில்லை. இதே வகை வால்வு இதே போல் திறந்து நின்ற சம்பவம் 1977-இலேயே ஒஹாயோவின் டேவிஸ்-பெஸ் நிலையத்தில் நடந்திருந்தது. உலையை வடிவமைத்த நிறுவனத்தின் பொறியாளர்கள் சிலர், இயக்குநர்களுக்கு இதைத் தெரிவிக்க வேண்டும் என்று உள்ளுக்குள் குறிப்பும் எழுதியிருந்தார்கள். அந்தக் குறிப்பு மேசை மேசையாகச் சுற்றியதே தவிர, மூன்று மைல் தீவின் இயக்குநர்களை எட்டவில்லை. கருவிகளைவிட, கருவிகளைச் சுற்றியுள்ள மனிதர்களிடமும் அமைப்புகளிடமும்தான் அடிப்படைக் கோளாறு என்று ஆணையம் முடிவுசெய்தது.

அதே 1979-இல் இந்திய அணுசக்தித் துறையும் ஒரு குழுவை அமைத்தது. பாதுகாப்பு மறுஆய்வுக் குழுவின் வேலையை எப்படித் திருத்தி அமைக்கலாம் என்று பார்ப்பது அதன் பணி. 1981 பிப்ரவரியில் அது அறிக்கை தந்தது. தனி ஒழுங்குமுறை வாரியம் வேண்டும் என்றது. இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் கழித்து வாரியம் வந்தது. பம்பாய் ஐ.ஐ.டி.யின் இயக்குநராக இருந்த பேராசிரியர் ஏ.கே. டே முதல் தலைவர். துறைக்கு வெளியே இருந்து ஒரு கல்வியாளரைக் கொண்டுவந்தது நல்ல தொடக்கம் என்றே சொல்வேன்.

குறை வாரியத்தின் அமைப்பிலேயே இருந்தது. அது நாடாளுமன்றச் சட்டத்தால் பிறக்கவில்லை, அரசாணையால் பிறந்தது. அரசாணையால் வந்ததை இன்னோர் அரசாணையால் மாற்றலாம், குறுக்கலாம். வாரியம் அணுசக்தி ஆணையத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஆணையத்தின் தலைவரே அணுசக்தித் துறையின் செயலரும். உலைகளை ஓட்டும் அணுமின் கழகமும், பாபா அணு ஆராய்ச்சி மையமும் அவர் துறையின் கீழ்தான் வருகின்றன. அதாவது, யாரைக் கண்காணிக்க வேண்டுமோ அவர்களின் தலைவரிடமே கண்காணிப்பவர் போய் நிற்க வேண்டியிருந்தது.

நான் இதை எழுதுவது வால்பாறையில் இருந்து. நாற்பது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, தேயிலைக்கும் மழைக்கும் நடுவே இருக்கும் இந்த ஊருக்கு அருகில் அணு உலை எதுவும் இல்லை. ஆனால் ஆபத்தை யார் முதலில் அறிகிறார், அதை யாரிடம் சொல்கிறார் என்ற கேள்விக்கு இந்த ஊரிடம் ஒரு பாடம் இருக்கிறது. சுமார் 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தப் பீடபூமியில் எஸ்டேட்டுகளுக்கு நடுவேதான் யானைகளின் வழித்தடம். 1994 முதல் 2012 வரை 39 பேர் யானை தாக்கி இறந்தார்கள். இங்கே நெடுங்காலம் ஆய்வு செய்த ஆனந்த குமாரும் அவர் சார்ந்த நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனும் ஒவ்வொரு சாவையும் எடுத்துப் பார்த்தபோது, 36 பேர் பக்கத்தில் யானை நிற்பதே தெரியாமல் போய் மாட்டிக்கொண்டவர்கள் என்று தெரிந்தது. யானை எங்கே நிற்கிறது என்று அடுத்த டிவிஷனில் யாருக்கோ தெரிந்திருக்கும். பஸ் இறங்கி லைன் வீட்டுக்கு நடந்தவருக்குத் தெரியவில்லை.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் உள்ளூர் கேபிள் டிவியில் யானை இருக்கும் இடம் ஓடத் தொடங்கியது. 2011 முதல் குறுஞ்செய்தி வந்தது. மேடான இடங்களில் செல்போன் அழைப்பால் எரியும் சிவப்பு விளக்குகள் வந்தன. அந்த விளக்கைப் போட அதிகாரி வர வேண்டியதில்லை. யானையைப் பார்த்த எஸ்டேட் ஆளே போனில் அழைத்து எரிய வைக்கலாம். பார்த்தவரின் சொல்லை நம்பி ஒரு ஏற்பாட்டைக் கட்டினார்கள், சாவு குறைந்தது. இந்தப் பணிக்காக ஆனந்த குமாருக்கு 2015-இல் லண்டனில் விட்லி விருது கொடுத்தார்கள்.

பார்த்தவரின் சொல்லுக்கு அணுசக்தித் துறையில் என்ன மதிப்பு இருந்தது?

1993 மார்ச் 31 அதிகாலை. உத்தரப் பிரதேசத்தின் நரோரா நிலையத்தில் டர்பைனின் இரண்டு இதழ்கள் முறிந்தன. அதிர்வில் ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. கேபிள்கள் எரிந்தன, நிலையத்துக்குள் மின்சாரமே இல்லாமல் போனது. அந்த இருட்டு 17 மணி நேரம் நீடித்தது. கட்டுப்பாட்டு அறையில் புகை நிரம்பி ஆட்கள் வெளியேற வேண்டியதாயிற்று. உலையை நிறுத்திய பிறகும் அது மீண்டும் உயிர்பெற்றுவிடக் கூடாது என்று, ஊழியர்கள் டார்ச் வெளிச்சத்தில் ஏறிப்போய் வால்வுகளைக் கையால் திறந்து போரான் கலந்த நீரை உள்ளே விட்டார்கள். தீயணைப்புக்கு வைத்திருந்த டீசல் பம்புகளை ஓட்டி, நீராவிக் கலன்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். இந்திய அணுசக்தி வரலாற்றில் மனிதக் காரணி என்று பேசினால் முதலில் இவர்களைத்தான் சொல்ல வேண்டும். நாட்டைக் காப்பாற்றிய அந்த இரவுப் பணியாளர்களின் பெயர்கள் பள்ளிப் புத்தகத்தில் வந்திருக்க வேண்டும்.

இப்படி ஓர் இரவு அவர்களுக்கு ஏன் வந்தது? ஒன்றுக்கு ஒன்று துணையாக இருக்க வேண்டிய கேபிள்களை ஒரே வழியில் போட்டிருந்தார்கள், தீத்தடுப்பு போதவில்லை. 1975-இல் அமெரிக்காவின் பிரவுன்ஸ் ஃபெரி நிலையத்தில் காற்றுக் கசிவைப் பார்க்க ஏற்றிய மெழுகுவத்தியால் கேபிள்கள் எரிந்தபோதே உலகம் கற்ற பாடம் அது. 18 ஆண்டுகள் கழித்தும் நரோராவுக்கு அது வந்து சேரவில்லை. அந்த இதழ்களின் வடிவமைப்பை மாற்ற வேண்டும் என்று மூல வடிவமைப்பு நிறுவனம் முன்கூட்டியே எச்சரித்திருந்தது என்றும் பின்னால் எழுதினார் ஏ. கோபாலகிருஷ்ணன். நரோரா தீக்குப் பிறகு, அதே ஆண்டில் வாரியத்தின் தலைவராக வந்தவர் அவர்.

வாரியத்தின் கதையில் கோபாலகிருஷ்ணனின் மூன்று ஆண்டுகள் தனி அத்தியாயம். துறையின் நிலையங்கள் எல்லாவற்றிலும் தீர்க்கப்படாமல் கிடந்த பாதுகாப்புப் பிரச்சினைகளைத் திரட்டி, 1995-இல் ஒரு பட்டியல் போட்டார். சுமார் 130 பிரச்சினைகள். அவற்றில் பல, துறையின் சொந்த ஆய்வுகளிலேயே ஆண்டுக்கணக்கில் குறிக்கப்பட்டு வந்தவை. உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியும், எழுதியும் வைத்திருந்தார்கள். அந்த எழுத்துக்குப் பல் இல்லை. 1996-இல் அவர் பதவிக்காலம் முடிந்தது. வெளியே வந்து, வாரியத்துக்குச் சுதந்திரம் இல்லை என்று பத்திரிகைகளில் வெளிப்படையாக எழுதினார். 2000-ஆம் ஆண்டில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் நிலையங்கள் வாரியத்தின் கண்காணிப்பில் இருந்தே எடுக்கப்பட்டன. மையத்துக்குள்ளேயே அதற்கென்று ஒரு குழு வைத்துக்கொண்டார்கள். 1983-க்கு முன் இருந்த நிலைக்கு, அந்த நிலையங்கள் அளவில், நாடு திரும்பிப் போனது.

அந்த நிலையங்களில் ஒன்று கல்பாக்கத்திலேயே இருக்கிறது. உலையில் எரிந்த எரிபொருளைக் கரைத்து, புளூட்டோனியத்தைப் பிரித்தெடுக்கும் மறுசுத்திகரிப்பு ஆலை. 2003 ஜனவரி 21 அன்று அங்கே கழிவுத் தொட்டிகள் இருக்கும் பகுதிக்கு, குறைந்த கதிரியக்கமுள்ள கழிவில் மாதிரி எடுக்க ஊழியர்கள் போனார்கள். இரண்டு வகைக் கழிவுக்கும் நடுவே இருந்த வால்வு பழுதாகி, அதிகக் கதிரியக்கக் கழிவு இந்தப் பக்கம் வந்திருந்தது. அங்கே கதிர்வீச்சை அளக்கும் கருவி இல்லை. வால்வு பழுதானதைக் காட்டும் ஏற்பாடும் இல்லை. மாதிரியை எடுத்து வந்து சோதித்த பிறகுதான் கையில் இருந்தது என்ன என்றே தெரிந்தது. ஆறு பேர், ஆண்டு வரம்பைப் பல மடங்கு மீறிய கதிர்வீச்சை வாங்கியிருந்தார்கள்.

இதற்கு முன்பும் இப்படி நடக்கவிருந்து தப்பிய சந்தர்ப்பங்கள் உண்டு என்று ஊழியர் சங்கம் எழுதியது. பத்துக் கோரிக்கைகளை வைத்தது. முழுநேரப் பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அந்தக் கோரிக்கையை ஊழியர் வைக்க வேண்டியிருந்தது என்பதே அந்த ஆலையின் நிலையைச் சொல்லிவிடுகிறது. வேலைநிறுத்தம் வரை போனது. செய்தி வெளியே கசிந்து, பத்திரிகைகள் எழுதி, ஆகஸ்டில்தான் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் இயக்குநர் கல்பாக்கத்தில் விபத்தை ஒப்புக்கொண்டார். நாட்டில் ஊழியர்கள் கதிர்வீச்சுக்கு ஆளான விபத்துகளில் இதுவே மிக மோசமானது என்றும் ஒப்புக்கொண்டார். காரணமாக அவர் சொன்னது, ஊழியர்களின் அதீத ஆர்வத்தையும் அவர்களின் தவறான கணிப்பையும்.

கருவி இல்லாத அறைக்குள் அனுப்பப்பட்டவனின் கணிப்பைக் குறை சொல்வது எனக்கு இன்றும் கோபத்தைத் தருகிறது. செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பிறகு 1986-இல் சர்வதேச நிபுணர் குழுவும் முதலில் இதைத்தான் செய்தது. பழியை இயக்குநர்கள் மேல் போட்டது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1992-இல், அதே குழு தன் முடிவைத் திருத்தியது. கட்டுப்பாட்டுத் தண்டுகளை உள்ளே இறக்கும் முதல் கணங்களில் வினை குறைவதற்குப் பதில் கூடலாம் என்ற கோளாறு 1983-இலேயே லிதுவேனியாவின் இக்னாலினா உலையில் கண்டறியப்பட்டிருந்தது. நம் வாரியம் பிறந்த அதே ஆண்டு. செர்னோபில் இயக்குநர்களுக்கு அதை யாரும் உறைக்கும்படி சொல்லவில்லை. உலகம் 1992-இல் திருத்திக்கொண்ட தவறைக் கல்பாக்கத்தில் 2003-இல் நாம் மறுபடி செய்தோம். அந்த ஆலைக்குள் நுழைந்து கேள்வி கேட்கும் அதிகாரம் அப்போது வாரியத்துக்கு இல்லை.

அடுத்த ஆண்டு, டிசம்பர் 26, சுனாமி. கல்பாக்கத்தில் இரண்டாம் உலை ஓடிக்கொண்டிருந்தது. கடல்நீர் பம்பு அறைக்குள் புகுந்ததும் இயக்குநர்கள் உலையைப் பாதுகாப்பாக நிறுத்தினார்கள். வாரியம் ஆய்வுசெய்து அனுமதி தந்த பிறகே மறுபடி இயக்கினார்கள். இங்கே எல்லாம் சரியாக நடந்தது, அதையும் எழுதியாக வேண்டும். ஒரே ஊர், பக்கத்துப் பக்கத்து வளாகங்கள். ஒன்றில் வெளிக் கண்காணிப்பு இருந்தது, மற்றொன்றில் இல்லை.

வாரியம் தாமதமாகப் பிறந்ததன் பாரம் அணு உலைகளோடு நிற்கவில்லை. டெல்லிப் பல்கலைக்கழகம் 1970 வாக்கில் கனடாவில் இருந்து வாங்கிய கோபால்ட்-60 கருவி ஒன்று 1985-க்குப் பிறகு மூலையில் கிடந்தது. வாங்கியபோது வாரியமே கிடையாது. 2010 பிப்ரவரியில் அதைப் பழைய சாமானோடு ஏலம் விட்டார்கள். மாயாபுரிக் காயலான் கடையில் அதைப் பிரித்தார்கள்; ஒருவர் இறந்தார், பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள்.

எக்ஸ்ரே இன்னும் பெரிய கதை. 2012-இல் தணிக்கைத் தலைவரின் அறிக்கை வாரியத்தைப் பற்றியே வந்தது. நாட்டில் இயங்கிய 57,443 மருத்துவ எக்ஸ்ரே கூடங்களில் 5,270 மட்டுமே வாரியத்தில் பதிவானவை. விதியை மீறினால் அப்போது அதிகபட்ச அபராதம் 500 ரூபாய். மலையில் இருந்து இறங்கிப் பொள்ளாச்சியிலோ கோவையிலோ எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளும் எங்கள் ஊர்க்காரருக்கும் அணுசக்தி ஒழுங்குமுறைக்கும் உள்ள நேரடி உறவு இதுதான். எக்ஸ்ரே எடுப்பவர் சட்டையில் குத்தியிருக்கும் டிஎல்டி பேட்ஜ், அவர் வாங்கிய கதிர்வீச்சை அளப்பதற்கு. அது மேசை டிராயரில் கிடந்தால், அங்கே பாதுகாப்பு எவ்வளவு என்று நோயாளியே புரிந்துகொள்ளலாம்.

2011 மார்ச்சில் புகுஷிமா அணு உலை விபத்து நடந்தது. ஜப்பான் நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழு, அதை மனிதர் விளைவித்த பேரிடர் என்றே அடுத்த ஆண்டு எழுதியது. அங்கேயும் ஒழுங்குமுறை அமைப்பு, அணுமின்சாரத்தை வளர்க்கும் அமைச்சகத்தின் கீழேயே இருந்தது. அதைக் கலைத்துத் தனி ஆணையம் வைத்தார்கள். இங்கே 2011 செப்டம்பரில் தனி ஆணையத்துக்கான மசோதா மக்களவைக்கு வந்தது. கூடங்குளம் அணுமின் நிலையத்தை எதிர்த்து இடிந்தகரையில் பந்தல் போட்டு மக்கள் உட்கார்ந்திருந்த காலம் அது. 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம், 15 நிபந்தனைகளோடு கூடங்குளத்தை அனுமதித்தது. 2014-இல் மக்களவை கலைந்தது, மசோதாவும் காலாவதியானது.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் 1962-ஆம் ஆண்டின் சட்டத்தை நீக்கிவிட்டு, சாந்தி என்று சுருக்கி அழைக்கப்படும் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. பிறந்து 42 ஆண்டுகள் கழித்து வாரியத்துக்குச் சட்டத் தகுதி கிடைத்தது. அதே சட்டம் அணுமின் துறையைத் தனியாருக்கும் திறந்துவிட்டது. இனி வாரியத்தின் முன் நிற்கப்போவது அரசுத் துறை மட்டும் இல்லை. லாபக் கணக்குள்ள நிறுவனங்களும் நிற்கும்.

ஆகவே நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இரண்டு காரியங்களை விடாமல் கேட்க வேண்டும். ஒன்று, கழிவுத் தொட்டி அருகே நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளி முதல் கட்டுப்பாட்டு அறைப் பொறியாளர் வரை யாரும், நிர்வாகத்தைக் கடந்து வாரியத்துக்கு நேரே எழுதவும், எழுதியதற்காக ஊர் மாற்றப்படாமல் இருக்கவும் விதி வேண்டும். இரண்டு, கல்பாக்கத்தையும் கூடங்குளத்தையும் பற்றிய வாரியத்தின் ஆய்வு அறிக்கைகள் சதுரங்கப்பட்டினத்திலும் இடிந்தகரையிலும் இருப்பவர்கள் படிக்கும் தமிழில் வெளிவர வேண்டும். வாசகர்களும் தங்கள் தொகுதி உறுப்பினருக்கு இதை எழுதுங்கள். புதிய சட்டத்துக்கு விதிகள் எழுதும் காலத்திலேயே எழுதுங்கள்.